பழைய தடமும் புதிய வழியும்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியத்தைப் பற்றியோ சமயத்தைப் பற்றியோ நாலு நல்ல வார்த்தை கேட்கலாம் என்ற எண்ணத்தோடு இங்கு வந்திருக்கும் அன்பர்கள் சிலர், இன்றைய பேச்சின் பொருள் பூமிக்கடியில் கிடக்கும் ஒரு தண்ணீர்க் குழாய் என்பதை அழைப்பிதழில் கண்டபோது சற்றே திகைத்திருக்கக்கூடும். அவர்களை நான் குறை கூற மாட்டேன். குழாயின் தலைவிதி அப்படி. ஐம்பது வருஷம் ஒழுங்காக உழைத்தால் அப்படி ஒன்று இருப்பதையே ஊரார் மறந்துவிடுவார்கள். ஒரு நாள் உடைந்தாலோ, அதைப் போட்டவன் முதல் அவன் பாட்டன் வரையில் அத்தனை பேருக்கும் அர்ச்சனை நடக்கும். அவ்வாறு மறக்கப்பட்ட ஒரு பொருளில்தான் ஒரு நகரத்தின் தர்மமும் அதர்மமும் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கின்றன என்பதே நான் இன்று சொல்ல வந்த விஷயம்.

முதலில் என் சொந்தக் குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். நான் உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், ஒரு சிறிய நகரசபையின் குடிநீர்ப் பிரிவில் உதவிப் பொறியாளனாக இருந்தேன். அவ்வூரின் பிரதான குழாய், ஏரிக்கரையை ஒட்டிக் கோரையும் சம்பும் மண்டிக் கிடந்த ஒரு சதுப்பின் வழியாக வந்தது. ஈயம் காய்ச்சி ஊற்றி மூட்டிய பழைய வார்ப்பிரும்புக் குழாய். மண் இறங்க இறங்க அதன் மூட்டுகள் வருஷத்தில் நாலைந்து தடவை விட்டுக்கொள்ளும். கடைசியில் அதை அடியோடு மாற்றுவதற்கு மேலிடத்து அனுமதி கிடைத்தபோது, நிலம் ஏற்கெனவே கைவசம் இருக்கிறது, மதிப்பீடும் குறைவாக முடியும், யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை என்ற மூன்று காரணங்களுக்காகப் புதிய குழாயையும் அதே தடத்திலேயே பதிக்க நான் வரைபடம் போட்டேன். அப்போது அங்கே வேலை பார்த்த வயதான ஃபிட்டர் ஒருவர், வரைபடத்தைப் படிக்கத் தெரியாதவர், குழியின் விளிம்பில் குந்தியபடி என்னைப் பார்த்து, "ஐயா, புதுக் குழாய் போடுறீங்க, ரொம்ப சரி, பழைய தடத்துலேயே போட்டா பழைய நோவுதானுங்களே வரும்?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டேன். மறு மழைக்காலத்தில் பழைய பள்ளத்திலேயே புதிய குழாய் விட்டுக்கொண்டது. லாரி போய்ச் சேர வேண்டும் என்பதற்காகச் சதுப்பின் நடுவே கப்பியும் கல்லும் கொட்டி ஒரு பாதை போட்டோம். நீர்க்கோழிகள் கூடு கட்டியிருந்த கோரைப் புதர்கள் அந்தக் கப்பிக்கு அடியில் போயின.

அந்தப் பெரியவரின் கேள்விக்கு ஒரு நகரம் செய்கையால் அளித்த பதிலைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு நான் படித்தறிந்தேன். அது கலிபோர்னியாவில் உள்ள ஸான் பிரான்ஸிஸ்கோ நகரம். அதன் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

தண்ணீர் இருந்தது, வழி இல்லை

1906-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி விடியற்காலையில், ஊர் இன்னும் உறக்கத்தில் இருந்தபோது, ஸான் பிரான்ஸிஸ்கோவைப் பெரும் பூகம்பம் ஒன்று உலுக்கியது. பூகம்பத்தில் இடிந்ததைவிட அதைத் தொடர்ந்து மூன்று நாள் எரிந்த நெருப்பில் அழிந்ததே அதிகம். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நகரத்தின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. தீயணைப்போர் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் இல்லாமல் போய்விட்டதா என்றால், அதுதான் இல்லை. நகருக்குத் தெற்கே, பூமிப் பிளவுக்குக் கூப்பிடு தூரத்தில் 1890-ல் கட்டப்பட்டிருந்த கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் அணை ஒரு விரிசலும் இல்லாமல் நின்றது. அதன் நீர்த்தேக்கம் நிறைந்தே இருந்தது. அங்கிருந்து நகரத்துக்கு வந்த குழாய்கள்தாம் முறிந்தன. அவற்றில் ஒன்று, சதுப்பு நிலத்தின் மீது மரக்கால்கள் நாட்டி அவற்றின்மேல் கிடத்தப்பட்டிருந்த பெரிய இரும்புக் குழாய். பூகம்பம் அதைக் கால்களின் மேலிருந்து தூக்கி எறிந்தது. ஊருக்குள்ளும், பழைய சதுப்பைத் தூர்த்து வீதி போட்ட இடங்களில், தெருக்குழாய்கள் துண்டு துண்டாயின. தண்ணீர் இருந்தது, அது வந்து சேரும் வழி இல்லை. நீர் வழங்கும் தொழிலில் இருப்பவர்கள் தினந்தோறும் ஒரு முறை நினைத்துக்கொள்ள வேண்டிய வாக்கியம் இது.

அந்நாளில் நகரத்துக்கு நீர் வழங்கியது ஸ்பிரிங் வாலி என்ற தனியார் கம்பெனி. மலைநாட்டு நதியொன்றின் நீரை நகரத்தின் சொந்த உடைமையாகக் கொண்டுவர வேண்டும் என்ற யோசனை பூகம்பத்துக்கு முன்னரே, 1901-ல், மேயர் ஜேம்ஸ் ஃபீலன் காலத்தில் எழுந்திருந்தது. நெருப்புக்குப் பிறகு அது வலுப்பெற்றது. நகரத்தார் தேர்ந்தெடுத்த இடம், யோஸெமிட்டி தேசியப் பூங்காவுக்குள், டுவாலமி நதி பாயும் ஹெட்ச் ஹெட்சி என்ற பள்ளத்தாக்கு. செங்குத்தான கருங்கல் சுவர்களுக்கிடையே புல்வெளியும் அருவிகளுமாக விளங்கிய அப்பள்ளத்தாக்கை நீரில் மூழ்கடிக்கக் கூடாது என்று, 1892-ல் சியரா கிளப்பைத் தோற்றுவித்தவர்களில் முதன்மையானவரான ஜான் மியூர் தம் அந்திமக் காலம் வரையில் போராடினார். 1913 டிசம்பரில் அதிபர் வில்சன் கையெழுத்திட்ட சட்டம் நகரத்துக்கு அனுமதி அளித்தது. மறு ஆண்டு டிசம்பரில் மியூர் காலமானார். 1923-ல் அணை எழும்பியது. பள்ளத்தாக்கு ஏரியாயிற்று.

அதைக் கட்டிய பொறியாளர் ஓஷானெஸியின் சாமர்த்தியத்தை நம் தொழில் செய்யும் எவனும் வணங்காமல் இருக்க முடியாது. மலையிலிருந்து நகரம் வரை 160 மைலுக்கு மேற்பட்ட தூரம்; ஓரிடத்திலும் பம்பு வைக்காமல், பூமியின் ஈர்ப்பு ஒன்றையே துணையாகக் கொண்டு தண்ணீர் தானே நடந்து வந்து சேருகிறது. 1934 அக்டோபர் 28-ந் தேதி அந்த நீர் வந்து சேர்ந்ததை ஊரே விழாவெடுத்துக் கொண்டாடியது. ஓஷானெஸியோ அதற்குப் பதினாறு நாளைக்கு முன்புதான் கண் மூடியிருந்தார்.

அந்த நீண்ட பாதையில் நம் கதைக்குரிய இடம் ஒன்றே. மலைநீர் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குப் போக, ஸான் பிரான்ஸிஸ்கோ விரிகுடாவின் தென்பகுதியைக் கடந்தாக வேண்டும். மலைநீர் வருவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 1925-ல், அங்கே ஐந்தடி விட்டமுள்ள எஃகுக் குழாய் ஒன்றைப் பதித்தார்கள்; 1936-ல் அதன் பக்கத்திலேயே இரண்டாவது ஒன்றையும் பதித்தார்கள். கரையோரச் சேற்றில் மரக்கால்களின் மேலும், நடுக்கால்வாயில் கடலடித் தரையிலுமாக அவை கிடந்தன. 1906-ல் சதுப்பின் மேலிருந்து தூக்கி எறியப்பட்ட குழாயைக் கண்ணால் கண்ட தலைமுறையே, இருபது ஆண்டு கழிவதற்குள், மறுபடியும் சதுப்பின்மேல் மரக்கால் நாட்டியது. என் நகரசபையில் நான் செய்ததற்கு இவ்வளவு பெரிய துணை இருக்கிறதென்று அறிந்தபோது எனக்கு ஆறுதல் ஏற்படவில்லை, பயமே ஏற்பட்டது. அனுபவம் மட்டும் மனிதனுக்குப் புத்தி கற்பித்துவிடாது போலும்.

சதுப்பும் அதன் குடிகளும்

அக்குழாய்கள் கிடந்த நிலம் எத்தகையது என்பதைச் சிறிது சொல்ல வேண்டும். ஓதம் ஏறினால் மூழ்கி, வடிந்தால் வெளிப்படும் உவர்ச் சதுப்பு அது. அதில் முதன்மையாக வளர்வது, கணுக்கணுவாகத் தடித்து, இலையென்று தனியே ஒன்றில்லாமல், உப்பைத் தன் உடலிலேயே தேக்கி வைத்துக்கொள்ளும் ஒரு சிறு செடி. அதைப் பார்ப்பதற்கு நாம் கலிபோர்னியாவுக்குப் போக வேண்டியதில்லை. பிச்சாவரத்திலும் வேதாரணியத்து உப்பளங்களின் ஓரத்திலும் உமரி என்று நம்மவர்கள் சொல்லும் செடியின் நேர் உறவு அது. தாவர சாஸ்திரிகள் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்திருக்கிறார்கள். அந்த விரிகுடாவின் கரையிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து உப்பளங்கள் உண்டு. உப்புக்காகப் பாத்தி கட்டியதிலும், ஊருக்காகவும் துறைமுகத்துக்காகவும் தூர்த்ததிலும், இயற்கையாக இருந்த சதுப்பில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் மறைந்துபோயிற்று.

மிஞ்சிய பகுதியில் வாழும் ஜீவன்களில் இரண்டை மட்டும் இங்கே அறிமுகம் செய்கிறேன். ஒன்று, நம் கானாங்கோழி இனத்தைச் சேர்ந்த ஒரு பறவை. நீண்ட அலகால் சேற்றைக் கிளறி இரை தேடுவது. பறப்பதைவிடப் புதருக்குள் ஓடி மறைவதையே விரும்புவது. மற்றொன்று, அந்த விரிகுடாவின் சதுப்புகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சிறு சுண்டெலி. எடை ஏறக்குறைய பத்து கிராம். நம் பாட்டிமார் முடிந்து வைத்திருந்த பழைய வெள்ளி ரூபாய் ஒன்றின் கனம்கூட இராது. வயிற்றில் செம்பழுப்பு நிறம் படர்ந்திருக்கும். உவர்நீரைக் குடித்து உயிர்வாழும் சக்தியை இறைவன் அதற்கு அளித்திருக்கிறான். ஓதம் ஏறும்போது உமரிச் செடியின் நுனிக்கு ஏறி ஒட்டிக்கொண்டு, வடிந்தபின் இறங்கி வரும். அதன் தேவை மிகச் சிறிது: மிதிபடாத செடி, வெள்ளம் வந்தால் ஒதுங்குவதற்கு விரலளவு மேடு. ஆனால் ஒரு லாரிப் பாதை அவ்விரண்டையும் ஒரே நாளில் அழித்துவிடும். 1970-லேயே அது அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

ஹெட்ச் ஹெட்சியை மூழ்கடித்த காலத்துக்கும் இந்தப் பட்டியல் வந்த காலத்துக்கும் இடையில் அந்நாட்டில் ஜனங்களின் மனமும் சட்டமும் மாறியிருந்தன. 1961-ல் பெர்க்லியில் கே கெர், ஸில்வியா மெக்லாக்லின், எஸ்தர் குலிக் என்ற மூன்று பெண்மணிகள், விரிகுடா நாளுக்கு நாள் தூர்க்கப்பட்டுச் சுருங்கி வருவதைக் கண்டு பொறுக்காமல், அண்டை அயலாரைக் கூட்டி ஓர் இயக்கம் தொடங்கினார்கள். நாலே ஆண்டில், 1965-ல், அனுமதியின்றி விரிகுடாவில் ஒரு கூடை மண்ணும் கொட்டக் கூடாது என்று கண்காணிக்க மாகாண ஆணையம் ஒன்று சட்டப்படி அமைந்தது. 1972-ல் அதன் தென்பகுதி தேசிய வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. இன்று அது ஏறக்குறைய முப்பதாயிரம் ஏக்கர். அழிந்துவரும் உயிரினங்களுக்கான பாதுகாப்புச் சட்டம் 1973-ல் வந்தது. ஆக, 1925-ல் எந்தச் சேற்றை வெறும் சேறு என்று எண்ணிக் குழாயைக் கிடத்தினார்களோ, அந்தச் சேறு அரை நூற்றாண்டுக்குள் காவலுக்குரிய க்ஷேத்திரமாகிவிட்டது. குழாயோ அங்கேயே இருந்தது, துருவேறிக்கொண்டும் இருந்தது.

அடியில் போன வழி

1989 அக்டோபரில் மற்றொரு பூகம்பம் வந்து, பழைய பயத்தைப் புதுப்பித்துவிட்டுப் போயிற்று. விரிகுடாவின் மேற்கே ஸான் ஆண்ட்ரியாஸ் பிளவு, கிழக்கே ஹேவர்டு பிளவு. இரண்டுக்கும் நடுவில், குலுக்கினால் கஞ்சிபோல் இளகிவிடும் சேற்றில், இரண்டு கிழக் குழாய்கள். 1952-லும் 1973-லும் போட்ட வேறு இரண்டு குழாய்கள் விரிகுடாவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு போனாலும், பழையவை அறுந்தால் அவை மட்டும் ஈடுகொடுக்க மாட்டா என்பது தெரிந்த விஷயம். இந்த நீரை நம்பி இருப்பவர்களோ நகரத்திலும் சுற்றுப்புறத்திலுமாக இருபத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். 2002 நவம்பரில் ஸான் பிரான்ஸிஸ்கோ வாக்காளர்கள், தங்கள் தண்ணீர்க் கட்டணம் உயரும் என்பதை அறிந்தே, இந்த நீர்வழியைப் புதுப்பிக்கும் வேலைக்காக 160 கோடி டாலர் கடன் வாங்க அனுமதி அளித்தார்கள். அதைத் தொடர்ந்து, மொத்தம் 480 கோடி டாலர் செலவில் 80-க்கும் மேற்பட்ட பணிகள் திட்டமிடப்பட்டன. பெரும் பூகம்பம் நிகழ்ந்தாலும் 24 மணி நேரத்துக்குள் அடிப்படைத் தேவைக்கான நீர் மீண்டும் ஓட வேண்டும் என்பது குறிக்கோள்.

இப்போது அந்தப் பெரியவரின் கேள்வி அவர்கள் முன்னால் நின்றது: பழைய தடமா, புதிய வழியா?

பழைய தடத்திலேயே போடுவதென்றால் என்ன நடக்கும் என்பதைக் குழி தோண்டிய அனுபவம் உள்ளவர்கள் மனக்கண்ணால் பார்க்கலாம். சதுப்பின் குறுக்கே மைல் கணக்கில் அகழ வேண்டும். சேறு சரியாமல் இருக்க இருபுறமும் எஃகுத் தகடு அறைய வேண்டும். எந்திரம் போக மரப்பலகைப் பாதையோ கல் பாதையோ போட வேண்டும். தோண்டிய சேற்றை எங்கேனும் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகு தொல்லை தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. உவர்நீர் எஃகை அரிக்கும். பத்திருபது வருஷத்தில் பழுது பார்க்கப் போக வேண்டும். போகும்போதெல்லாம் மறுபடியும் பாதை, மறுபடியும் மிதிபடும் உமரி. குழாய் பதிக்கும் காயம் ஒரு தடவைதான்; அதைப் பேணுகிற காயமோ ஆயுள் முழுவதும். மதிப்பீட்டுத் தாளில் முதலாவதற்குத்தான் வரிசை உண்டு, இரண்டாவதற்கு இல்லை.

அவர்கள் சதுப்பை விட்டு அதன் அடியில் போவதென்று தீர்மானித்தார்கள். கிழக்கே ஃபிரிமாண்ட்டிலிருந்து மேற்கே ரெட்வுட் ஸிட்டிக்கு அருகில் வரையில் மொத்தம் 21 மைல் நீளத்துக்குப் புதிய குழாய். அதில் தரைப்பகுதியான 16 மைல் வழக்கம்போல் பள்ளம் தோண்டிப் பதித்தது. நடுவில் உள்ள 5 மைல், விரிகுடாவுக்கும் சதுப்புக்கும் அடியில், சுமார் நூறடி ஆழத்தில் ஒரே சுரங்கம். மேற்குக் கரையில் மென்லோ பார்க்கில் ஒரு கிணறு, கிழக்குக் கரையில் நியூவார்க்கில் ஒரு கிணறு. இரண்டுக்கும் இடையில் காற்றுக்கென்றோ மண் அள்ளவென்றோ ஒரு துளைகூடச் சதுப்பில் இல்லை. அந்த விரிகுடாவின் அடியில் துளைத்துக்கொண்டே போன முதல் சுரங்கம் இதுதான்; அதற்கு முன் 1974-ல் ஓடத் தொடங்கிய ரயில் பாதைக்கான குழல், கடலடியில் வாய்க்கால் வெட்டி அதற்குள் இறக்கி வைக்கப்பட்டது.

சுரங்கம் துளைத்த எந்திரம் வேலை செய்யும் விதத்தை மாணவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். பதினைந்தடி அளவு விட்டமுள்ள பெரிய உருளை; அதன் முகப்பில் பற்கள் பதித்த தட்டு மெதுவாகச் சுழன்று களிமண்ணைச் சுரண்டும். சுரண்டிய மண்ணை உடனே வெளியே தள்ளிவிட்டால், எதிரே உள்ள மண்ணும் அதற்குமேல் நிற்கும் கடல்நீரும் உள்ளே சரிந்து வரும். ஆகவே தட்டுக்குப் பின்னால் ஓர் அறையில் அந்த மண்ணைக் குழைத்துத் தேக்கி வைத்து, அதன் அழுத்தத்தாலேயே எதிர்மண்ணைத் தாங்கச் செய்கிறார்கள். மாவு அரைக்கும் எந்திரத்தின் திருகுபோன்ற நீண்ட திருகு ஒன்று, எவ்வளவு மண் உள்ளே வந்ததோ அவ்வளவை மட்டும் அளந்து பின்னால் தள்ளும். கொஞ்சம் அதிகம் எடுத்தால் மேலே தரை தாழும், கொஞ்சம் குறைந்தால் தரை உப்பும். சில அடி முன்னேறியதும், எந்திரத்தின் வாலுக்குள்ளேயே கான்கிரீட் வில்லைகளை வட்டமாகக் கோத்து ஒரு வளையம் அமைப்பார்கள். அந்த வளையத்தில் காலை ஊன்றிக்கொண்டுதான் எந்திரம் அடுத்த அடி எடுத்து வைக்கும். தான் கட்டிய வளையத்தையே பிடியாகக் கொண்டு முன்னேறும் இந்தச் சாதனம் 2011-ல் மென்லோ பார்க்கில் இறங்கி, 2013 ஜனவரியில் நியூவார்க் கிணற்றில் தலை காட்டியது. பின்னர் அந்தக் கான்கிரீட் உறைக்குள் ஒன்பதடி விட்டமுள்ள எஃகுக் குழாயை இறக்கிப் பற்றவைத்தார்கள். ஆறடி ஆள் உள்ளே நின்று கையை உயர்த்தினாலும் கூரை எட்டாது. சுமார் 28 கோடியே 80 லட்சம் டாலர் செலவாயிற்று. 2014 அக்டோபரில் தண்ணீர் அதன் வழியே ஓடத் தொடங்கியது.

இத்தனை காலமும் பழைய குழாய்கள் உழைத்துக்கொண்டே இருந்தன என்பதையும் கவனிக்க வேண்டும். ஓடும் வண்டியை நிறுத்தாமல் அச்சாணி மாற்றுகிற வேலை இது. புதிய குழாயில் நீர் ஓடும் வரையில் கிழக் குழாய்களும் தண்ணீர் சுமந்தன. மேலே சதுப்பில், நூறடிக்குக் கீழே எந்திரம் நகர்ந்துகொண்டிருந்த நாட்களில், அந்தச் சுண்டெலி வழக்கம்போல் ஓதத்துக்கு ஏறி ஓதத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

புண்ணியக் கணக்கு

இதைக் கேட்டுவிட்டு, ஓர் எலிக்காக ஒரு நகரம் சுரங்கம் தோண்டிற்று என்று நீங்கள் போய்ச் சொல்வீர்களானால், அது அழகான கதையாக இருக்குமே தவிர முழு உண்மையாக இராது. சுரங்கம் தோண்டியதற்கு முதற்காரணம் பூகம்பம். மேலே உள்ள இளகிய சேற்றைவிட ஆழத்தில் உள்ள கெட்டியான களிமண் குழாய்க்குப் பத்திரமானது. இரண்டாவது காரணம், சட்டம். சதுப்பைத் தோண்ட அனுமதி கேட்டு ஆணையங்களின் படியேறுவதைவிட, சதுப்பையே தொடாமல் போவது காலத்தாலும் பணத்தாலும் நிச்சயமான வழி என்று கணக்கறிந்தவர்கள் கண்டார்கள். இங்கே தர்மமும் லாபமும் ஒரே திசையில் நடந்தன. இப்படி நடப்பது அபூர்வம் என்பதையும், இப்படி நடக்கும்படி செய்தது சட்டமே என்பதையும் நாம் மறக்கலாகாது. நல்ல சட்டத்தின் வேலை, மனிதரை மகாத்மாக்களாக்குவது அன்று. நல்ல வழியை மலிவான வழியாக்குவதே.

மற்றொன்றும் உண்டு. எந்திரம் விரிகுடாவின் அடியில் போய்க்கொண்டிருந்த அதே 2012-ம் ஆண்டு நவம்பரில், ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கின் நீரை வடித்து அதைப் பழையபடி மீட்க முடியுமா என்று ஆராய்ந்து திட்டம் வகுக்கலாமா என்ற கேள்வி ஸான் பிரான்ஸிஸ்கோ வாக்காளர்முன் வைக்கப்பட்டது. நூற்றுக்கு எழுபத்தேழு பேர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். சதுப்பை மிதிக்காமல் போன அதே தண்ணீர், மூழ்கிய ஒரு பள்ளத்தாக்கிலிருந்துதான் புறப்பட்டு வருகிறது. இதைக் கபடம் என்று ஏசுவோர் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். குடிக்கிற தண்ணீரைக் கைவிடுவதற்கும், குழாயின் வழியை மாற்றுவதற்கும் வெகு தூரம். முன்னோர் செய்துவிட்ட தவறுகளில் சில, அவற்றின் பலனை நாம் அனுபவிக்கத் தொடங்கிவிட்டபடியால், திருத்துவதற்கு அரியனவாகிவிடுகின்றன. ஆனால் சில தவறுகள் இரும்பால் ஆனவை. அவை துருவேறித் தாமாகவே நம் கைக்கு மறுபடி வந்து சேருகின்றன. அப்போது அவற்றைத் திரும்பச் செய்வதா, திருத்துவதா என்று கேட்கப்படுகிறது. பழைய குழாயை மாற்றும் வேலையின் உள்ளர்த்தம் இதுதான் என்று நான் கருதுகிறேன். கட்டுமானங்களில் பெரும்பாலானவை நமக்கு ஒரே ஒரு தீர்மானத்தையே அனுமதிக்கின்றன. குழாய் மட்டும், முக்கால் நூற்றாண்டுக்கு ஒரு முறை, தீர்மானத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்லி நம்மிடம் திரும்பி வருகிறது.

மாணவ நண்பர்களே, உங்களில் பலர் நாளை நகராட்சிகளிலும் குடிநீர் வாரியங்களிலும் உத்தியோகம் ஏற்பீர்கள். விரிகுடாவின் அடியில் ஐந்து மைல் சுரங்கம் தோண்டும் பணம் உங்கள் ஊருக்கு இராது, வேண்டியதும் இல்லை. ஓர் ஏரிக்கரை, ஓர் ஓடை, கழிமுகத்தை ஒட்டிய ஒரு புறம்போக்கு: உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் அவ்வளவுதான். ஆகவே எளிய விண்ணப்பம் ஒன்றை மட்டும் வைக்கிறேன். பழைய குழாயை மாற்றும் மதிப்பீட்டில் கையெழுத்திடுவதற்கு முன், அந்தத் தடத்தை ஒரு தடவை காலால் நடந்து பாருங்கள். மழைக்காலத்தில் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை. அந்த நிலத்தில் யார் மேய்க்கிறார்கள், எது கூடு கட்டுகிறது, எங்கே மண் தாழ்கிறது என்பதை அங்கே இருபது வருஷம் வால்வு திருப்பியவரிடம் கேளுங்கள். நாற்பதடி தள்ளிப் போட்டால் ஆகும் கூடுதல் செலவை எழுதும்போது, தள்ளிப் போடாவிட்டால் வருஷந்தோறும் ஆகப்போகும் செலவையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டாவது வரிசையை எழுதும்படி எந்தப் படிவமும் உங்களைக் கேட்காது. நீங்களாகத்தான் எழுத வேண்டும்.

என்னைக் கேள்வி கேட்ட அந்த ஃபிட்டர் காலமாகி வெகு நாளாகிறது. அவருக்கு நான் பதில் சொல்லவே இல்லை. ஓய்வு பெற்றபின் ஒரு முறை அந்த ஏரிக்கரைக்குப் போயிருந்தேன். குழாயை மறுபடியும் மாற்றியிருந்தார்கள், அதே தடத்தில். நாங்கள் கொட்டிய கப்பிப் பாதையும் அப்படியே இருந்தது. அதன் இருபுறமும் கோரை இருந்தது, அதன்மேல் ஒன்றும் முளைக்கவில்லை.